ஒற்றைத் தலையா, நான்கு தலையா? எம்பிராய்டரி இயந்திரத்துக்குக் கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: அவிநாசியில் வசிக்கிறேன்; வயது 38. பல ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கை தைத்து, ஆரி வேலையும் செய்து வருகிறேன். மாதம் 20,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேற்பார்வையாளர். பள்ளிச் சீருடை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் ஒருவர், நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் போட்டால், விளையாட்டு டி-ஷர்ட்டுகளில் பள்ளிச் சின்னம் போடும் ஜாப் ஒர்க்கை, அதாவது அவர் தரும் துணியில் கூலிக்குச் செய்யும் வேலையை, தருவதாகச் சொல்கிறார். 8,000 ஸ்டிச் உள்ள சின்னத்துக்கு 16 ரூபாய். இயந்திர டீலர், ஒரு நேரத்தில் ஒரு துணியில் மட்டும் தைக்கும் ஒற்றைத் தலை இயந்திரம் ஜிஎஸ்டி உட்பட 4.20 லட்சம், ஒரே சமயத்தில் நான்கு துணிகளில் தைக்கும் நான்கு தலை இயந்திரம் 9.50 லட்சம் என்கிறார். ஒரு தலை நாளொன்றுக்கு 5 லட்சம் ஸ்டிச் போடும் என்றும் கணக்குக் காட்டுகிறார். எங்களிடம் 3 லட்சம் ரூபாய் வைப்புநிதியும் 20 பவுன் நகையும் இருக்கின்றன. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எந்த இயந்திரம் வாங்கலாம்? வைப்புநிதியை எடுப்பதா, நகையை அடகு வைப்பதா, வங்கிக் கடனா? மானியம் கிடைக்குமா?

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் வரிசையில் பதில் சொல்வதாக இருந்தால் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன், கான்ட்ராக்டர் சொல்லும் 16 ரூபாயில் இந்த இயந்திரம் தன் கடனைத் தானே கட்டிக்கொள்ளுமா என்று பார்த்துவிடுவோம். கட்டாது என்பதே என் கணக்கு.

இயந்திரத்தின் மீட்டரில் நிமிடத்துக்கு 1,000 ஸ்டிச் என்று இருந்தாலும், பின்னலாடைத் துணியில் சிறிய எழுத்துகளோடு கூடிய சின்னத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் நூல் அறும், துணி சுருங்கும். 700 ஸ்டிச் வேகத்தில் 8,000 ஸ்டிச் முடிய 11 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. நிறம் மாறுவதற்கும், நூல் வெட்டுவதற்கும், துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேமைக் கழற்றி அடுத்ததை மாட்டுவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், ஒரு சட்டைக்கு 14 நிமிடங்கள். அடிநூல் சுற்றிய பாபினை மாற்றுவது, ஊசி உடைவது, மின்தடை ஆகியவற்றைக் கழித்தால் எட்டு மணி நேரத்தில் 30 சட்டைகள் முடிந்தால் நல்ல நாள். 30 சட்டை என்பது 2.40 லட்சம் ஸ்டிச். டீலர் சொன்ன 5 லட்சத்தில் பாதிகூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை; இடைவெளியே இல்லாமல் இயந்திரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறார்.

மாதம் 25 நாள் வேலை என்றால் 750 சட்டைகள், 12,000 ரூபாய். மேல்நூல், பாபின் நூல், துணிக்கு அடியில் வைக்கும் நான்-ஓவன் தாள், ஊசி, சேதாரம் எல்லாமாகச் சட்டைக்கு 3 ரூபாய் வீதம் 2,250 போகும். மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் 1,500 வையுங்கள். மிச்சம் 8,250 ரூபாய். 4 லட்சம் ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,700 ரூபாய். உங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாயும் வைக்காமலேயே பற்றாக்குறை வருகிறது.

நான்கு தலை வாங்கினால் நான்கு மடங்கு கிடைக்கும் என்று தோன்றும். ஒரு தலையில் நூல் அறுந்தாலும் நான்கும் சேர்ந்தே நிற்கும். நான்கு ஃப்ரேம்களை மாட்ட ஓர் உதவியாளர் தேவைப்படுவார். மாதம் 2,500 சட்டை முடிந்து 40,000 ரூபாய் வந்தால், பொருளுக்கு 7,500, உதவியாளர் சம்பளம் 12,000, மின்சாரமும் பராமரிப்பும் 4,000 போக நிற்பது 16,500. 8.50 லட்சம் கடனுக்கான தவணையோ 18,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இது ஆண்டு முழுவதும் வேலை இருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. பள்ளி வேலை பெரும்பாலும் கோடையிலிருந்து ஜூலைக்குள் முடிந்துவிடும் என்பது சீருடைத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கே தெரியும்.

இந்த விலையில் லாபம் பார்ப்பவர்கள் பதினைந்து, இருபது தலைகள் கொண்ட இயந்திரங்களை இரண்டு ஷிப்டு ஓட்டும் திருப்பூர் யூனிட்காரர்கள். ஒற்றைத் தலையை வைத்துக்கொண்டு ஸ்டிச் விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் அவர்கள் கைவைக்க விரும்பாத வேலை ஒன்று உண்டு. ஓட்டல் ஊழியர்களுக்கு 25 சட்டை, பல் மருத்துவமனைக்கு 12 கோட்டு, ஊர்க் கிரிக்கெட் அணிக்கு 15 டி-ஷர்ட் என்று வரும் சில்லறை ஆர்டர்களுக்காகப் பெரிய இயந்திரத்தை நிறுத்தி நூல் மாற்றுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதே அளவுச் சின்னத்துக்கு இந்தச் சிறு வாடிக்கையாளர்களிடம் 45 ரூபாய் கேட்கலாம்; டிசைனுக்குத் தனிக் கட்டணமும் வாங்கலாம்.

ஆகவே ஸ்டிச் கணக்கை விட்டுவிட்டு, இயந்திரத்தின் ஒரு மணி நேரம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பாருங்கள். கான்ட்ராக்டர் வேலையில் மணிக்கு நான்கு சட்டை, 64 ரூபாய். ஓட்டல் சட்டையில் 180 ரூபாய். கழுத்துக்கும் இரு கைகளுக்கும் சேர்த்து 50,000 ஸ்டிச் வரும் ரவிக்கை வேலை, துணி மாட்டும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் எடுக்கும். 450 ரூபாய் வாங்கினால் மணிக்கு 225 ரூபாய். ரவிக்கை வாடிக்கையாளர்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். கடிதத்தில் இந்த வருமானத்தை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

என் யோசனை, அடுத்த சில மாதங்களுக்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம். உங்கள் பேரில் ஆர்டர் எடுத்து, வேலையை ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்து வாங்குங்கள். திருப்பூர்ப் பகுதியில் வேலையில்லாத நேரத்தில் சிறு ஆர்டரையும் எடுத்துக்கொள்ளும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இருக்கின்றன. அவர்களுக்கு 22 ரூபாய் கொடுத்தாலும் 45 ரூபாய் ஆர்டரில் உங்களுக்குப் பாதி நிற்கும். வெளியில் கொடுக்கும் கூலி தொடர்ந்து மூன்று மாதங்கள் 12,000 ரூபாயைத் தாண்டினால் ஒற்றைத் தலை இயந்திரத்தை வாங்குங்கள். 12,000 ரூபாய் என்பது ஏறத்தாழ 545 சட்டைக்கான கூலி. அவற்றை உங்கள் இயந்திரத்திலேயே போட்டால் நூலுக்கும் தாளுக்கும் மின்சாரத்துக்கும் 2,900 ரூபாய்க்குள் ஆகும். மிச்சமாகும் 9,100 ரூபாய் தவணையைக் கட்டிவிடும். மீதியுள்ள மணி நேரங்களில் ஓடும் ரவிக்கை வேலை உங்கள் வருமானம்.

டிசைனைக் கணினிக் கோப்பாக்கும் பஞ்சிங் வேலையையும் முதலில் வெளியில் கொடுப்பதே நல்லது. அதற்கான முழு மென்பொருள் விலை அதிகம். டீலர் இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லும் திருட்டுப் பிரதியை நம்பித் தொழில் தொடங்க வேண்டாம். பஞ்சிங் செய்பவரிடம், இயந்திரத்தில் ஓடும் டிஎஸ்டி கோப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பள்ளி அடுத்த ஆண்டு சின்னத்தைச் சிறிதாக்கச் சொன்னால் மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது.

நூல் வாங்குவதில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஸ்டிச்சுக்கு மேல்நூல் ஏறத்தாழ 5 மீட்டர் செலவாகும். 5,000 மீட்டர் நூல் கோன் ஒன்றில் உங்கள் பள்ளிச் சின்னம் 125 வரை போடலாம். கோனுக்கு இருபது, முப்பது ரூபாய் குறைவாக வாங்கினால் சின்னத்துக்கு மிஞ்சுவது கால் ரூபாய் அளவுதான். நூல் இரண்டு முறை கூடுதலாக அறுந்தால் அதைவிட அதிகம் போய்விடும். டி-ஷர்ட்டுக்கு உருண்டை முனை ஊசியும், வெட்டி எடுக்கும் வகைத் தாளும் போடுங்கள். கிழித்து எடுக்கும் தாளைப் போட்டால் சில சலவைக்குப் பிறகு சின்னம் சுருங்கி நிற்கும்.

கான்ட்ராக்டர் வேலையை முற்றாக விட வேண்டும் என்று சொல்லவில்லை. சும்மா நிற்கும் நேரத்தை நிரப்ப அது உதவும். ஆனால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். தைத்து முடித்த, 220 ரூபாய் மதிப்புள்ள டி-ஷர்ட்டில் ஊசி ஓட்டை விழுந்து, அந்தத் தொகையை அவர் பில்லில் கழித்தால், ஏறத்தாழ 14 சட்டைகளின் கூலி ஒரே சட்டையில் போயிற்று. நூற்றுக்கு இரண்டு வரை சேதம் அவர் கணக்கு என்று கேளுங்கள். அதைவிட நல்லது, தைப்பதற்கு முன் வெட்டிய முன்பக்கத் துண்டாகவே வேலையை வாங்குவது. கெட்டாலும் துண்டுக்கான துணியோடு போகும், ஃப்ரேமில் மாட்டுவதும் எளிது. பிரபல நிறுவனங்களின் முத்திரையைப் போட்டுத் தரச் சொல்லி யாரேனும் கூடுதல் கூலி காட்டினால் மறுத்துவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இனிக் கடன். நகையை இயந்திரத்துக்காக அடகு வைக்க வேண்டாம். நகைக் கடனை வழக்கமாக ஓராண்டுக்குள் திருப்ப வேண்டியிருக்கும். இயந்திரமோ ஐந்தாண்டுகளில்தான் தன் விலையைத் திருப்பித் தரும். நகை, கான்ட்ராக்டரின் பணம் தாமதமாகும் மாதத்தில் நூல் வாங்கவும் தவணை கட்டவும் கைகொடுக்கும் கடைசித் துணையாக இருக்கட்டும். வைப்புநிதியையும் முறிக்காதீர்கள், இரண்டே ஆண்டுகளில் மகளின் கல்லூரிக் கட்டணம் வருகிறது. சொந்தப் பங்காகச் சிறு தொகை தேவைப்பட்டால், வைப்புநிதியின் மீதே கடன் வாங்கிக் குறுகிய காலத்தில் அடைத்துவிடலாம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். இயந்திரம், ஸ்டெபிலைசர், ஃப்ரேம்கள், நூல், கைமுதல் எல்லாம் சேர்த்து 5.50 லட்சம் திட்டம் என்றால் மானியம் 1,37,500 அல்லது 1,92,500 ரூபாய். அந்தத் தொகை கைக்கு வராது. உங்கள் பெயரில் மூன்றாண்டுகள் வங்கியில் வைக்கப்பட்டு, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். இது புதிய தொழிலுக்கு மட்டுமே உரிய திட்டம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். எனவே கடன் ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் டீலரிடம் முன்பணம் கட்டாதீர்கள். தையல் தொழிலை அவசரப்பட்டு, குறு, சிறு நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்யவும் வேண்டாம்; ஏற்கெனவே நடக்கும் தொழிலாகக் கருதப்படலாம். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய், இந்தத் திட்டத்தின் நடப்பு நிலையையும், 25 சதவீத மானியம் தரும் தமிழக அரசின் வேலையற்ற இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்தையும் கேட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மானியம் அமையாவிட்டால் பிணையில்லாத முத்ரா கடன் இருக்கிறது. 5 லட்சம் வரை கிஷோர் பிரிவில் வரும்.

கடன் ஒப்புதலுக்குப் பிறகு உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டு வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், அடுத்த ஆர்டரைக் கையில் வைத்திருப்பவர்மீது வழக்கமாக யாரும் புகார் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு மாத வேலைக்கு மேல் கடனில் செய்வதில்லை என்ற வரம்பை முதல் பில்லிலேயே சொல்லிவிடுங்கள்.

வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. மற்றவர் துணியில் செய்யும் ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆண்டில் 1 லட்சத்துக்கு மேல் கூலி தரும் கம்பெனி 1 சதவீதம் வரி பிடித்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். இயந்திரத்தை வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள், தொழில் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

வாங்கும் நாள் வரும்போது, உங்கள் சின்னத்தின் கோப்பையும் நீங்கள் தைக்கப்போகும் அதே துணியில் பத்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு டீலரின் கடைக்குப் போங்கள். எல்லா ஊசிகளிலும் நூல் கோத்து, 700 வேகத்தில் பத்தையும் தொடர்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை முறை நூல் அறுகிறது, பத்தாவது துண்டிலும் எழுத்துகள் இடம் மாறாமல் விழுகின்றனவா என்று பாருங்கள். கணினி போர்டு பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிய பிறகு வங்கியைப் பணம் செலுத்தச் சொல்லுங்கள்.