படியளக்கும் கணக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. வயது 25. பி.இ. மெக்கானிக்கல். சென்னையில் கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் எடுத்துவிட்டார்கள். எட்டு மாதமாகிறது. செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். அப்பா இல்லை. அம்மா ஒரு பலகாரக் கடையில் தேன்குழல் பிழியவும் சீப்புச் சீடை சுருட்டவும் போகிறார், மாதம் 9,000 வரும். தங்கை பி.எஸ்சி. இரண்டாம் வருடம். வீட்டுச் செலவு மருந்தோடு சேர்த்து 13,000. கல்விக் கடனில் இன்னும் 4 லட்சம் பாக்கி, 10 சதவீத வட்டி, ஏழு வருடம், மாதத் தவணை 6,640. இரண்டு தவணை நின்றுவிட்டது.

அம்மா எதற்கெடுத்தாலும் "பிள்ளையார் படியளப்பாருடா" என்கிறார். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. படுவதெல்லாம் அவமானம்தான். பக்கத்து வீட்டு ஆச்சி தினம் காலையில் பணியாரமோ இட்லியோ கொடுத்தனுப்புகிறார், வாங்கவே கூச்சமாக இருக்கிறது. ஜெராக்ஸ் கடை அண்ணன் ரெஸ்யூமுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார், பாவம் பார்க்கிறார் போல. மாமா தங்கையின் செமஸ்டர் பீஸைக் கட்டிவிட்டு, போகிற இடமெல்லாம் சொல்லிக்காட்டுகிறார். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கும் ஆர்டரும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் 14,000. பி.இ. படித்தது அதற்கா?

கடவுள் தருகிறார் என்பதை எப்படிப் பார்ப்பது? தத்துவம் வேண்டாம், செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

தத்துவம் வேண்டாம் என்றது நல்லதாய்ப் போயிற்று. இது கணக்கு விஷயம்.

அம்மா சொல்லும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். படியளப்பது என்பது களத்துமேட்டுச் சொல். வேலை முடிந்ததும் கூலி நெல்லை அளந்து போடுவது. ஒரு படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. கடவுள் தருவதைச் சொல்ல எத்தனையோ பெரிய சொற்கள் இருந்தும், வீட்டுப் பெண்கள் வாயில் நின்றது இந்தச் சின்ன அளவைதான். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தைத் திறந்துவிடுவார் என்று எந்த அம்மாவும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். எட்டு மாதமாக நீங்கள் பத்தாயம் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் வாசலில் ஆழாக்கு ஆழாக்காக விழுந்ததை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பற்றுப் பக்கத்தில். ஆச்சியின் பணியாரம் கூச்சம் என்ற தலைப்பில் போயிருக்கிறது. ஜெராக்ஸ் இரக்கத்திலும், பீஸ் சொல்லிக்காட்டலிலும், பட்டறை வேலை அவமானத்திலும் ஏறியிருக்கின்றன. நான்கும் வரவு. தலைப்பு மாறியதால் ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் நேராக வேண்டிய கணக்கு, உதைக்கிறது.

மாமா விஷயத்துக்குப் பெரியபுராணத்தில் ஒரு இடம் இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கே இருக்கிறார்கள். சிவபெருமான் கனவில் வந்து, பஞ்சம் தீரும்வரை நாளைக்கு ஒரு காசு என்று பீடத்தில் வைக்கிறார், கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், அவர் காசுக்குக் கடைத்தெருவில் வாசி பிடிக்கிறார்கள். வாசி என்றால் மாற்றும்போது மதிப்பில் கழிக்கிற வட்டம். கொண்டுவிற்ற, அதாவது லேவாதேவி செய்த, பரம்பரை உள்ள ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பந்தர் காசு வேண்டாம் என்று திருப்பி வைக்கவில்லை. வாங்கிச் செலவழித்தார், அப்புறம் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடிக் கேட்டார். வாசி நீங்கியது.

அப்பர் கோயிலில் புல் செதுக்கும் உழவாரத் தொண்டு செய்தவர், அதனால் அவருக்கு வாசியில்லாத காசு என்கிறது புராணம். அதைப் பிடித்துக்கொண்டு உழைக்காதவனுக்குக் கிடையாது என்று பேசுகிறவர்கள் உண்டு. இரண்டு மடத்திலும் அன்று அடுப்பு எரிந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மாமா கட்டிய பீஸ் வாசியுள்ள காசு. கல்லூரிக்கு அதில் ஒரு பைசா குறையவில்லை, தங்கை பரீட்சை எழுதுவாள். வரவில் எழுதுங்கள், பக்கத்தில் சின்னதாக "வாசி" என்று குறியுங்கள். வாசியை நீக்கச் சொல்லி சாமியிடம் கேட்கலாம், மாமாவிடமும் ஒரு நாள் தனியாகச் சொல்லலாம்: "மாமா, செஞ்சத நான் மறக்கமாட்டேன், நாலு பேர் முன்னால மட்டும் வேண்டாம்."

இனி செய்முறை. 80 பக்க நோட்டு ஒன்று போதும். மேலே பிள்ளையார் சுழி, அடியில் சிவமயம், தேதி. வலப்பக்கம் செலவு, அது உங்களுக்கே தெரியும். இடப்பக்கம் வரவு. வரவில் நீங்கள் காசு கொடுக்காமல் உங்கள் வீட்டுக்குள் வந்தது எல்லாம் ஏற வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரம்: யார், என்ன, எவ்வளவு, கடையில் வாங்கினால் என்ன விலை. ஒரு நாள் இப்படி இருக்கும்:

ஆச்சி வீடு, வெள்ளைப் பணியாரம் 5, கடை விலை 50.
ஜெராக்ஸ் கடை, ரெஸ்யூம் 6 பக்கம், 12.
அம்மா, சாப்பாடு மூன்று வேளை, மெஸ் விலை 180.
கூடப் படித்தவன், ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் தகவல், விலை இல்லை.

இரவு படுக்கும் முன் எழுதுங்கள். காலையில் எழுதினால் முந்தின நாள் பாதி மறந்திருக்கும், மறப்பது பெரும்பாலும் சின்னத் தொகைகள்தான்.

21 நாள் எழுதுங்கள். எண்ணிக்கை நான் கண்டுபிடித்ததல்ல, ஆச்சியைக் கேட்டால் சொல்வார். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீடுகளில் கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் பிள்ளையார் நோன்பு. புதுத் துணியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரித்து நெய்யில் தோய்த்து, அரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டையில் திரியாக வைத்து ஏற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் கையால் ஒவ்வொருவராக வாங்கி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். கடலில் புயலில் மாட்டிய வணிகர்கள் நாளுக்கு ஓர் இழையாக வேட்டியிலிருந்து உருவி வைத்து நாள் எண்ணினார்கள், 21ஆம் நாள் கரை தெரிந்தது என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கரை அல்ல, கரை தெரியாத நாளிலும் ஓர் இழை உருவியது. நீங்கள் மார்கழிக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றிரவே தொடங்கலாம்.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் தவறு, பொருளை விட்டுவிட்டு உணர்ச்சியை எழுதுவது. "இன்று மனம் நிறைவாக இருந்தது" என்று எழுதினால் மூன்று வாரம் கழித்துக் கூட்ட எதுவும் இருக்காது. பணியாரம் 5 என்று எழுதுங்கள். இரண்டாவது, அம்மா சமையலை விட்டுவிடுவது. அது எப்போதும் வருவதுதானே என்று தோன்றும். எப்போதும் வருவதைத்தான் படி என்கிறோம். மூன்றாவது, கைமாற்றை வரவு என்று எழுதுவது. நண்பனிடம் வாங்கிய 2,000 திருப்பித் தர வேண்டியது, அது கடன் தலைப்பில் தனியாக நிற்கட்டும். நகை அடகுப் பணமும் அப்படியே. இந்தக் குழப்பத்தில்தான் பல வீடுகள் மூழ்கியிருக்கின்றன: அடகு வைத்து வந்த பணத்தை "சாமி வழிவிட்டார்" என்று செலவழித்து, கடைசியில் ஏல நோட்டீஸைக் கையில் வாங்குகிறார்கள். நான்காவது, வருவதாகச் சொன்னதை வந்ததாக எழுதுவது. இண்டர்வியூவில் "கூப்பிடுகிறோம்" என்றால் அது வரவல்ல.

சில நாள் ஒன்றுமே இருக்காது. அன்றைக்கு "வரவு இல்லை" என்று எழுதி மூடிவிடுங்கள். கடவுளைக் காப்பாற்றுவதற்காக எதையாவது இட்டுக்கட்டி எழுத வேண்டாம். பத்தாம் நாள் வாக்கில் அலுப்புத் தட்டும், அதே ஆச்சி, அதே பணியாரம், அதே 50. அப்போதும் எழுதுங்கள்.

22ஆம் நாள் கூட்டுங்கள். பொருள்வாரியாகக் கூட்டாமல் பேரேட்டில் போல ஆள்வாரியாகப் பிரியுங்கள், ஆச்சிக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒரு பக்கம், மாமாவுக்கு ஒரு பக்கம். நீங்கள் கேட்ட பார்வை அந்தப் பக்கங்களில் கிடைக்கும். எந்தப் படி யார் கை வழியாக வருகிறது, எது தினமும் வருகிறது, எது சீக்கிரம் நிற்கப்போகிறது என்பதும் தெரியும். ஆச்சிக்கு வயதாகிறது. அந்தப் பக்கத்தைக் கூட்டியதும் அவர் வீட்டு மின்கட்டணம் கட்டவும் மாத்திரை வாங்கவும் யார் போகிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். செட்டிநாட்டு வணிகர்கள் லாபம் பார்த்துவிட்டுத் தர்மம் செய்தவர்கள் இல்லை, வரவு நடக்கும்போதே கோயிலுக்கு மகமை என்ற தர்மப் பங்கைப் பிரித்தவர்கள். உங்கள் மகமை இப்போதைக்கு நேரம்தான். வாரம் இரண்டு மணி நேரம் ஆச்சிக்கு. வாங்கும் கூச்சமும் அதில் பாதி கரையும்.

இனி வங்கி. இதை 21 நாள் தள்ள வேண்டாம், இந்த வாரமே போங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். தவணை நின்றாலே குறையும் சிபில் மதிப்பெண், அதாவது கடன் தகுதி மதிப்பெண், அப்புறம் இன்னும் விழும், சேர்ந்து கையெழுத்துப் போட்ட அம்மாவுக்கும் அது வரும். வேலை போன கடிதத்தின் நகல், கடன் கணக்கு எண், ஒரு விண்ணப்பம். அதில் வேலை போன தேதி, இப்போதைய வருமானம், நின்ற தவணையையும் சேர்த்துத் தவணைக் காலத்தை 12 வருடமாக நீட்டித்துத் தரும்படி ஒரு வரி. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, மேலாளர் மாறினால் சொன்னது காற்றோடு போகும். 30 நாளில் பதிலே வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் எழுதலாம், அதற்கு அந்த முத்திரை வேண்டும்.

நீட்டிப்பு இனாம் இல்லை. 4 லட்சத்துக்கு 10 சதவீதத்தில் ஏழு வருடம் என்றால் மொத்தம் கட்டுவது 5,57,760. 12 வருடம் என்றால் தவணை சுமார் 4,780, மொத்தம் 6,88,320. ஏறக்குறைய 1,30,000 கூடுதல். ஆனால் மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நல்ல சம்பளம் வந்ததும் அடைத்து அந்தக் கூடுதலைக் குறைத்துக்கொள்ளலாம். தவணை கட்ட செல்போன் ஆப்பில் கடன் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஆத்தங்குடி. 60,000 வாங்குகிறவர்களோடு ஒப்பிட்டால் 14,000 அவமானம்தான். வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். செலவு 13,000, புதுத் தவணை 4,780, ஆக 17,780. அம்மாவின் 9,000 இருக்கிறது, குறைவது 8,780. அந்தப் பட்டறையில் பி.எஃப். உண்டென்றால் 12 சதவீதம் 1,680, இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் 105 போகக் கையில் 12,215. மாதம் 3,435 மிஞ்சும். இது உங்களுக்கு விதித்த வேலை என்று நான் சொல்லவில்லை. வந்ததெல்லாம் சாமி அனுப்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு சேருகிறவர்களும் ஏமாறுகிறார்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இண்டர்வியூவுக்கு மாதம் இரண்டு நாள் விடுவார்களா. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், இருபதோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். அம்மாவின் வருமானம் இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் வரம்புக்குள் இருந்து, உங்களைச் சார்ந்தவராக அவரை ஏற்றுக்கொண்டால், அவர் மருத்துவமும் அந்த 105 ரூபாய்க்குள் வரும், வீட்டுச் செலவில் மருந்துக் கணக்கு குறையும். பத்துக்குக் கீழே என்றால் சம்பளத்தில் ஆயிரம் கூட்டிக் கேட்கலாம்.

கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போடும் கல்லில் எத்தனை சதவீதம் விரிசல் விடுகிறது, சிமெண்டும் மணலும் கலக்கும் அளவு நாளுக்கு நாள் ஏன் மாறுகிறது என்று மெக்கானிக்கல் படித்தவர் ஆறு மாதம் குறித்து வைத்தால், அடுத்த ரெஸ்யூமில் எழுத ஒரு பத்தி கிடைக்கும். அதற்கு ஜெராக்ஸ் அண்ணன் காசு வாங்குகிறாரா பாருங்கள். வாங்காவிட்டால் பக்கத்தை எண்ணி, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் இடப்பக்கம் எழுதுங்கள்.