20 டாலருக்குள் கிடைக்கும் பர்பன் விஸ்கி கொடுத்த காசுக்குத் தகுமா? விருந்துக்குக் கொண்டுபோனால் கேவலமாக நினைப்பார்களா?

இரண்டாவது வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் என்னைப் போல அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சியதை எண்ணிச் செலவு செய்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

யாரையும் குடிக்கச் சொல்லித் தூண்டவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒரு அவுன்ஸ், மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான் என் கணக்கு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், கமெண்டில் வந்து அறிவுரை சொல்ல வேண்டாம்.

நான் இருப்பது பர்பனுக்குப் பேர்போன கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரம். பார்ட்ஸ்டவுன் பக்கம் காரில் போனால் பீப்பாய்க் கிடங்குகளைச் சுற்றியுள்ள மரங்கள் கரி பூசியதுபோல் கறுத்து நிற்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிற சாராயத்தில் வளரும் பூஞ்சை அது. இந்த ஊரில் இருந்துகொண்டு பர்பனைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

மூன்று வருடம் முன்னால் ஒரு நண்பர் வீட்டில் தீபாவளி விருந்து. ஈவான் வில்லியம்ஸ் என்கிற பர்பனில் வெள்ளை லேபிள் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், வரியோடு சேர்த்து 20 டாலருக்குள்தான் ஆனது. அவர் பாட்டிலைக் கையில் வாங்கி, "இது கோக்ல ஊத்துற சரக்காச்சே, எதுக்கு சார் சிரமப்பட்டீங்க" என்று பத்து பேர் முன்னால் சொல்லிவிட்டு, சிங்க் ஓரத்தில் பேப்பர் டவலுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கிளம்பும்போது பார்த்தேன், மூடியைக்கூடத் திறக்கவில்லை, அங்கேயே இருந்தது.

லேபிளை அவர் படித்திருந்தால் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று இருந்ததைப் பார்த்திருப்பார். கண்டதையும் கலந்து விஸ்கி என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1897இல் வந்த சட்டம் அது. ஒரே டிஸ்டில்லரியில் ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும், குறைந்தது 4 வருடம் பாண்ட் கிடங்கில், அதாவது அரசாங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில், பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும், 100 புரூஃபில், அதாவது 50% ஆல்கஹாலில் பாட்டிலில் அடைக்க வேண்டும். அது போக, பர்பன் என்று பெயர் போட்டாலே தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய் வேண்டும், நிறமோ சுவையூட்டியோ ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. 20 டாலர் பாட்டிலுக்கும் 200 டாலர் பாட்டிலுக்கும் இதே விதிதான். பாட்டிலில் தெரிகிற அந்தச் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது.

மனசு ஆறாமல், அடுத்த மாதம் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். நாலு பாட்டில்: என்னுடைய அதே வெள்ளை லேபிள், 12 டாலருக்கு ஒன்று, 40 டாலருக்கு ஒன்று, நண்பர் அன்று பெருமையாக ஊற்றியதே ஒன்று, அது 85 டாலர். நிறம் தெரியக் கூடாது என்று என் மனைவி நாலையும் சில்வர் டம்ளரில் அரை அவுன்ஸ் அரை அவுன்ஸாக ஊற்றி, அடியில் டேப் ஒட்டி எண் போட்டுக் கொடுத்தாள். எனக்கு எது எது என்று தெரியாது.

மூக்கை டம்ளருக்குள் விட்டால் நெடி ஏறி ஒன்றும் புரியாது. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, விளிம்பில் வைத்து மோந்து பார்க்க வேண்டும். முதல் மடக்கை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவது மடக்கில்தான் சுவை பிடிபடும். அப்புறம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை.

85 டாலர்தான் முதலில் வந்தது. அதை மறைக்க மாட்டேன். விழுங்கி ஒரு நிமிஷம் கழித்தும் தொண்டையில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு இனிப்பு நின்றது. இரண்டாவது வந்தது என் வெள்ளை லேபிள். தண்ணீர் விடாமல் குடித்தபோது காட்டம் தூக்கியது, சொட்டு விட்டதும் வெனிலாவும் கருக்கிய சர்க்கரையும் தெளிவாக வந்தன, கடைசியில் வறுத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி லேசான துவர்ப்பு. 40 டாலர் அதற்குப் பின்னால்தான் நின்றது. 12 டாலர் தேறவில்லை. 40% ஆல்கஹால், சாயம் போன சுவை, எரிச்சல் மட்டும் மிச்சம்.

ஆக, மலிவானது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. விலையோடு புரூஃபையும் வயதையும் சேர்த்துப் பாருங்கள். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டிருந்தால் 2 வருடமாவது பீப்பாயில் இருந்தது, 4 வருடத்துக்குக் குறைவென்றால் வயதை லேபிளில் போட்டாக வேண்டும். 750 மில்லி 50% பாட்டிலைத் தண்ணீர் விட்டு 40%க்கு இறக்கினால் 937 மில்லி ஆகிவிடும். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் நான் மதிப்புப் போடுகிறேன். 85 டாலர் பாட்டில் நன்றாக இருந்தது, ஆனால் என் பாட்டிலைவிட நாலு மடங்கு நன்றாக இல்லை.

இதைச் சொன்னால் "உனக்கு வசதி இல்லை, அதனால் பேசுகிறாய்" என்பார்கள். இதே நண்பர்தான், என் மகன் முதல் இரண்டு வருடம் கட்டணம் குறைவான கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறப்போகிறான் என்றதும், "ஏன், மார்க் வரலையா" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டார். பையன் அன்றைக்குச் சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டான். கட்டணம் எவ்வளவு என்பதைத் தவிர அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டிலைக்கூட நான் மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாண்ட் முத்திரையோடு 20 டாலருக்குள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். திறந்த அன்றே ஒரு முடிவுக்கு வராதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை ஊற்றிப் பாருங்கள், என் அனுபவத்தில் காட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும். விருந்துக்கும் தாராளமாகக் கொண்டுபோங்கள். சிங்க் ஓரத்தில் வைத்தார்கள் என்றால் நீங்களே போய் மூடியைத் திறந்து, கேட்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யாமல் வந்துவிட்டேன்.