வாசகர் கேள்வி – பதில்: வேப் கருவிக்குள் இருக்கும் மின்கலம் யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் வேப் (மின்சிகரெட்) கடைகளில் கழற்றி மாட்டும் மின்கலங்கள் பத்துப் பதினைந்து பெயர்களில் கிடைக்கின்றன. கருவியைத் தயாரிக்கும் நிறுவனமே இவற்றையும் தயாரிக்கிறதா, அல்லது வேறு யாராவது செய்து கொடுக்கிறார்களா?
– ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: கருவிகள் பெரும்பாலும் சீனாவின் ஷென்சென் நகரத்தில் உருவாகின்றன, மின்கலம் வேறு இடத்திலிருந்து வருகிறது. கடையில் காணும் பெயர்கள் எத்தனையாக இருந்தாலும், அதிக மின்னோட்டத்தைத் தரவல்ல உருளை வடிவ லித்தியம்-அயனி மின்கலங்களைத் தம் சொந்த ஆலையில் உருவாக்கி உலகெங்கும் பெயர் பெற்றிருக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தென் கொரியாவின் சாம்சங் எஸ்டிஐ, எல்ஜி எனர்ஜி சொல்யூஷன், ஜப்பானின் முராத்தா, பானாசோனிக், தைவானின் மோலிசெல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சீனாவிலும் ஈவ் எனர்ஜி, பிஏகே, லிஷென் போன்ற பெரிய ஆலைகள் இருக்கின்றன.

லித்தியம்-அயனி மின்கலத்தை 1991-ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம். வேப் பயன்படுத்துவோர் இன்றும் 'சோனி விடிசி' என்று சொல்லிக் கேட்கும் பச்சை நிற மின்கலம் அந்த வழியில் வந்ததுதான்; ஆனால் சோனி தன் மின்கலத் தொழிலை 2017-இல் முராத்தாவுக்கு விற்றுவிட்டதால், இப்போது அதைச் செய்வது முராத்தா. எல்ஜி கெம் என்ற பெயரில் வந்துகொண்டிருந்தவை, 2020 டிசம்பரில் மின்கலப் பிரிவு தனி நிறுவனமானதிலிருந்து எல்ஜி எனர்ஜி சொல்யூஷன் பெயரில் வருகின்றன. மோலிசெல்லின் கதை இன்னும் பழையது. 1977-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், திண்ம லித்தியம் உலோகத்தைக் கொண்டு மறுமின்னேற்ற மின்கலங்களைச் செய்தது. ஜப்பானில் கைப்பேசிகளில் அவை தீப்பிடித்ததால் 1989-இல் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. பிறகு உரிமை கைமாறித் தைவானுக்குப் போய், இன்று அதிக மின்னோட்ட மின்கலங்களுக்கே பேர்போன நிறுவனமாக நிற்கிறது.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலை இருக்கிறது. சிரம்பானில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்துகொண்டிருந்த சாம்சங் எஸ்டிஐ தொழிற்சாலை பின்னாளில் மின்கல ஆலையாக மாறியது. 2022-இல் அங்கே 21700 அளவு மின்கலங்களுக்காக இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். (21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது என்பதே அந்த எண்ணின் பொருள், வேப் கருவிகளில் அதிகம் காணப்படும் 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது.) கழற்றி மாட்டும் இந்த மின்கலங்களை அந்த நிறுவனங்கள் வேப் கருவியை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. துளைக்கும் இயந்திரம், தோட்டக் கருவி, தூசு உறிஞ்சி, மின்மிதிவண்டி ஆகியவற்றுக்காகச் செய்தவற்றையே வேப் தொழில் எடுத்துக்கொண்டது.

கேள்வி: என்னிடம் உள்ள மின்கலத்தின் உறையில் நான் அறிந்த பெரிய நிறுவனம் எதன் பெயரும் இல்லை, 3,500 மில்லி ஆம்பியர் மணி, 40 ஆம்பியர் என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். இதை யார் செய்திருப்பார்கள்?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: உறையில் இருக்கும் பெயருக்கு உரியவர் அதைச் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மின்கலத்தின் மேல் இருப்பது சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். அதை ஒரு கத்தி முனையால் கிழித்துவிட்டு, வேறு பெயர் அச்சிட்ட புதிய உறையை மாட்டி, வெந்நீர்ச் சூட்டுக்கு நிகரான வெப்பக் காற்றைக் காட்டினால், நொடிப்பொழுதில் புதிய 'பிராண்ட்' பிறந்துவிடும். இந்த வணிகத்தை ரீ-ராப் என்று அழைக்கிறார்கள். இதில் நேர்மையாக நடப்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய ஆலையிலிருந்து நல்ல சரக்கை வாங்கி, உண்மையான அளவையே உறையில் போடுவார்கள். மற்றவர்களோ, ஆலை தரம் குறைவென்று ஒதுக்கியவற்றையும், பழைய மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து எடுத்தவற்றையும்கூட அதே பளபளப்பான உறைக்குள் போட்டு விற்றுவிடுகிறார்கள்.

உங்கள் உறையில் உள்ள இரண்டு எண்களில் முதலாவது கொள்ளளவு, இரண்டாவது மின்னோட்டம்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே ஐயம் வர வேண்டும். மின்கலத்துக்குள் நேர்முனை, எதிர்முனைப் பொருள்களைப் பூசிய நீண்ட உலோகத் தாள்கள் பாய் சுருட்டியதுபோலச் சுருண்டிருக்கின்றன. பூச்சைத் தடிமனாக்கினால் கொள்ளளவு கூடும். ஆனால் தாளின் நீளம் குறைந்து, மின்னோட்டம் தரும் திறன் இறங்கிவிடும். பூச்சை மெல்லியதாக்கித் தாளை நீட்டினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆகவே ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சாம்சங்கின் 25ஆர் 2,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுடன் 20 ஆம்பியர் வரை தொடர்ந்து தருகிறது. அதே நிறுவனத்தின் 30கியூ 3,000-ஐ எட்டினாலும் 15 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. எல்ஜியின் பழுப்பு நிற எச்ஜி2 3,000-மும் 20-உம் சேர்ந்தது என்பதாலேயே அதற்கு அவ்வளவு மதிப்பு வந்தது. பானாசோனிக்கின் 3,400 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் கொள்ளளவில் கெட்டி, ஆனால் அதிலிருந்து தொடர்ந்து ஏழு ஆம்பியர்கூட எடுக்க முடியாது. 18650 உருவத்துக்குள் 3,500-உம் 40-உம் ஒருசேரத் தருவதாகச் சொல்பவரிடம் அளவுத்தாள் (டேட்டா ஷீட்) கேட்டுப் பாருங்கள். அனேகமாக அவரிடம் அப்படி ஒன்று இருக்காது. 9,900 என்று அச்சிட்ட மின்கலங்களும் சந்தையில் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை, நகை எடை பார்க்கும் சிறு தராசில் வைத்துப் பார்ப்பது. நல்ல 18650 மின்கலம் 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். முப்பத்தைந்து கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே சரக்கு இல்லை என்று பொருள். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்றும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: மின்கலத் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளை மின்சிகரெட்டில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருப்பதாகப் படித்தேன். ஆனால் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே. இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன், அமெரிக்கா

பதில்: பாதி உண்மை, பாதி தற்காப்பு என்பது என் கருத்து. இந்த மின்கலங்கள் தனித்தனியாக நுகர்வோர் கைக்குப் போவதற்காகச் செய்யப்படுபவை அல்ல. பேட்டரித் தொகுப்பு கட்டும் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போய், அங்கே மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்றோடு இணைக்கப்பட்டு, மூடிய உறைக்குள் அடைக்கப்பட வேண்டியவை. வெற்று மின்கலத்தில் அந்தச் சுற்று கிடையாது. அதைவிட ஆபத்தான விவரம் ஒன்று உண்டு: மேல் முனையில் உள்ள சிறு பொத்தானைத் தவிர, மின்கலத்தின் உடல் முழுவதுமே எதிர்முனைதான். பொத்தானைச் சுற்றியுள்ள காகித வளையமும் அந்த மெல்லிய உறையும்தான் இரு முனைகளையும் பிரித்து வைக்கின்றன. உறை கிழிந்த மின்கலம் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு உரசினால், குறுக்குச்சுற்று ஏற்பட்டு, சில நொடிகளில் உள்ளே இருக்கும் எரியும் திரவம் பீறிட்டு வெளியேறும்.

உங்கள் நாட்டின் தீயணைப்பு நிர்வாக அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 மின்சிகரெட் தீ மற்றும் வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது நடந்தவை 60. கருவியோ மாற்று மின்கலமோ சட்டைப்பையில் இருந்தபோது நடந்தவை 61. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், தனியாக விற்கப்படும் 18650 மின்கலங்களை வாங்கவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது.

சட்டப் பக்கம் உங்கள் மாநிலத்திலேயே பேசப்பட்டது. சட்டைப்பையில் இருந்த எல்ஜி கெம் மின்கலம் வெடித்துக் காயமடைந்த ஒருவர் தொடுத்த வழக்கில், தாங்கள் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே விற்றோம், தனி நுகர்வோருக்கு விற்கவில்லை, ஆகவே டெக்சாஸ் நீதிமன்றத்துக்குத் தங்கள்மேல் அதிகாரம் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2023-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதே மின்கலத்தை அந்த மாநிலத்தில் விற்றிருக்கும்போது, வாங்கியவர் எந்த வகை வாடிக்கையாளர் என்பதைக் காட்டி விலகிக்கொள்ள இயலாது என்றது. இழப்பீட்டுப் பொறுப்பு யாருடையது என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. வழக்கை அங்கே நடத்தலாம் என்பதோடு நின்றது.

கேள்வி: ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகளிலும் மறுமின்னேற்ற மின்கலம்தான் இருக்கிறது என்கிறார்கள். மின்னேற்றும் துளையே இல்லாத கருவியில் அதை ஏன் வைக்கிறார்கள், யார் செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: இருப்பது உண்மைதான். ஆவியாக்கும் கம்பிச்சுருளைச் சட்டென்று சூடாக்கத் தேவையான மின்னோட்டத்தைச் சிறிய உருவத்திலிருந்து, மலிவாகத் தருவதற்கு இந்த மின்கலமே தோதாக இருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கருவிகளைப் பிரித்தெடுத்த மின்கலங்கள் 450 முறைக்கு மேல் மின்னேற்றம் தாங்கின. இவற்றைச் செய்பவர்கள் முற்றிலும் சீன நிறுவனங்கள் என்றே சொல்லலாம். பல மின்கலங்களில் நிறுவனப் பெயரே இருப்பதில்லை. பெயர் தெரிந்தவற்றுள் பெரியது குவாங்டாங் மாநிலத்தின் ஹுய்ஜோ நகரத்தைச் சேர்ந்த ஈவ் எனர்ஜி. உலகின் மிகப் பெரிய வேப் கருவித் தயாரிப்பாளரான ஷென்செனின் ஸ்மூர் நிறுவனத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பார்த்தால், இரு தொழில்களும் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும். உங்கள் நாட்டில் 2025 ஜூன் 1 முதல் அந்த வகைக் கருவிகளின் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. வீட்டில் பழையவை கிடந்தால் குப்பைத்தொட்டியில் போடாமல், வேப் விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: நான் டார்ச், சிறு பேட்டரித் தொகுப்புகள் பழுது பார்க்கிறேன். 18650 மின்கலம் வைத்திருந்தால் மின்சிகரெட் சட்டத்தில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மின்சிகரெட்டை முழுப் பொருளாகவோ அதன் பாகமாகவோ உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கிறது, முதல் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் உரிய பொதுவான மின்கலத்தை அந்த வேலைக்காக வைத்திருப்பது அந்தத் தடைக்குள் வராது. வேப் கருவிக்கென்று சொல்லி விற்றால்தான் வம்பு. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருக்கிறது. உறையிலோ பெட்டியிலோ ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டால், எந்த நாட்டில் எந்த ஆலையின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.