சீஸ்கேக் இல்லாத பாஸ்க் சாப்பாடு

கேள்வி: அமெரிக்காவின் நெவாடாவில், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து வந்த பாஸ்க் மக்களின் பழைய ஹோட்டல் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். முன்பின் தெரியாதவர்களோடு நீள மேஜையில் உட்கார வைத்து சூப், பீன்ஸ், ஸ்பகெட்டி, பிரெஞ்ச் ஃப்ரைஸ், பூண்டு போட்ட ஸ்டேக் என்று கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஸ்பெயினில் பாஸ்க் ஊரான சான் செபாஸ்டியனுக்கே போய்ச் சாப்பிட்டவன். அங்கே பார்களில் பார்த்த பின்சோ என்ற சிறு தீனியும் இல்லை, பாஸ்க் சீஸ்கேக்கும் இல்லை. பாரம்பரியம் என்று சொல்லி இப்படி ஏமாற்றலாமா?
- ஒரு வாசகர், கலிஃபோர்னியா

பதில்: முதலில் சீஸ்கேக் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். மேலே கருகியிருக்கும் அந்த கேக், சான் செபாஸ்டியனில் லா வீன்யா என்ற பாரில் 1990 வாக்கில் பிறந்தது. பின்சோக்களில் மூத்தது என்று சொல்லப்படும் ஹில்டா, அதாவது ஆலிவ், ஊறுகாய் மிளகாய், நெத்திலி மூன்றையும் ஒரு குச்சியில் குத்தித் தருவது, 1940களில் வந்தது. ஆனால் நெவாடாவில் எல்கோ ஊரின் ஸ்டார் என்ற பாஸ்க் ஹோட்டல் கட்டப்பட்டது 1910இல். கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரின் நொரியேகா ஹோட்டல் இன்னும் பழசு, 1893. பேத்தியின் ஜாடை பாட்டியிடம் இல்லையே என்று கோபித்துக்கொள்கிறீர்கள்!

ஹோட்டல் என்ற பெயர்தான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். இவை சாப்பாட்டுக் கடையாகத் தொடங்கியவை அல்ல. பாஸ்க் மொழியில் ஓஸ்டாட்டு என்பார்கள், தங்கும் விடுதி. பெரும்பாலும் ரயிலடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆடு மேய்க்கும் வேலைக்காக, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் வந்து இறங்குகிற பாஸ்க் பையன் அங்கே போய் நின்றால் போதும், விடுதிக்காரர் மந்தை முதலாளியிடம் சேர்த்துவிடுவார், டாக்டரிடம் கூடவே வந்து மொழிபெயர்ப்பார், ஊர்க் கடிதத்தை வாங்கி வைப்பார், அவன் மலையில் இருக்கும் மாதங்களில் அவனுடைய பெட்டியும் நல்ல சட்டையும் அங்கேதான் பத்திரமாக இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், வந்தவர்களில் பலர் சொந்த ஊரில் பெரிய மந்தை எதையும் மேய்த்ததே இல்லை. ஆடுகளோடு பேச ஆங்கிலம் தேவையில்லை, அவ்வளவுதான்.

மலையில் ஆயிரத்துக்கு மேல் ஆடுகள், ஒரு நாய், தனி ஆள். பீன்ஸ், ஆட்டுக்கறி, அப்புறம் இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, தணலோடு குழிக்குள் புதைத்துச் சுட்ட ரொட்டி. ரொட்டியின் மேல் கத்தியால் சிலுவைக் குறி கீறிவிட்டு, முதல் துண்டை நாய்க்குப் போடுவார்கள் என்று சொல்வதுண்டு. இப்படிப் பல மாதம் கிடந்துவிட்டுக் குளிர்காலத்தில் ஊருக்குள் இறங்குகிறவனுக்குத் தனி மேஜையா போடுவார்கள்? நொரியேகாவில் ராத்திரி 7 மணிக்கு ஒரே பந்தி, நீள மேஜை, பக்கத்தில் யார் வாய்க்கிறாரோ அவரோடுதான் சாப்பாடு. சமைத்தது விடுதிக்காரரின் மனைவியும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களும். அந்தப் பெண்களில் பலரை இந்த மேய்ப்பர்களே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நெவாடா பாலைவனத்தில் கடல் மீனுக்கு எங்கே போவது? ஆடு இருந்தது, மாடு இருந்தது, பீன்ஸும் உருளைக்கிழங்கும் மூட்டையாகக் கிடைத்தன. கைப்பழக்கத்தில் இருந்த பூண்டைத் தாராளமாகப் போட்டு ஆட்டு ஸ்ட்யூ, மாட்டு வால் குழம்பு, வினிகரில் ஊறிய மாட்டு நாக்கு என்று செய்தார்கள் (நாக்கை நீங்கள் தொடவே இல்லை என்று நினைக்கிறேன், பட்டியலில் காணோம்). ஸ்பகெட்டி மலிவு, முப்பது பேருக்கு ஒரே அண்டாவில் வெந்துவிடும். குடிக்கிற பீகான் பஞ்சும் இப்படித்தான், பிரெஞ்சுக்காரர்களின் கசப்பு மதுவில் கிரெனடின் சிரப்பும் சோடாவும் சேர்த்து மேலே கொஞ்சம் பிராந்தி. அதை அமெரிக்க மேற்கின் பாஸ்க்காரர்கள் தங்கள் பானமாக்கிக்கொண்டார்கள்.

ஏமாற்று என்று எழுதுகிறீர்கள். அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டம் ஸ்பெயின் முழுமைக்கும் ஆண்டுக்கு 131 பேர் என்று கதவைச் சாத்தியது. 1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம், மந்தையோடு இஷ்டம்போல் அரசு நிலத்தில் அலைவதற்கு முடிவுகட்டியது. பின்னாளில் ஸ்பெயினிலேயே பிழைப்பு நன்றாகிவிட, மேய்ப்பு வேலை பெரு நாட்டுக்காரர்களின் கைக்குப் போனது. மேய்ப்பர்கள் வருவது நின்ற பிறகும் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்ததால்தான் அந்த மேஜைகள் பிழைத்தன. நொரியேகாவுக்கு 2011இல் அமெரிக்க உணவகங்களுக்கான ஜேம்ஸ் பியர்டு விருது கூடக் கிடைத்தது. 2020இல் மூடிவிட்டார்கள், இனி நினைத்தாலும் அங்கே போய்க் குறை சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 'முன்பின் தெரியாதவர்கள்' யார், எந்த ஊர், தாத்தா ஆடு மேய்த்தாரா என்று ஒரு வார்த்தையாவது பேசினீர்களா? கடிதம் முழுக்கத் தட்டைப் பற்றித்தான் இருக்கிறது.