ராத்திரி அலறும் பிள்ளைகள்: டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

வள்ளியூர்: அஞ்சு வயசுப் பையன். கோயில் கொடைத் திருவிழா முடிஞ்சதுலேருந்து ராத்திரி 10.30 ஆனா வீல்னு கத்திக்கிட்டு எழும்புதான். கண்ணு திறந்திருக்கு, என்னையத் தெரியலை. காலையில கேட்டா திருதிருன்னு முழிக்கான்.

பதில்: இது நைட் டெரர், அதாவது தூக்கத்துல வர்ற அலறல். கெட்ட கனவு இல்ல. கெட்ட கனவு விடியக்காலம் வரும். பிள்ளை முழிச்சு அழும், கண்டதைச் சொல்லும். இது படுத்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல, ஆழ்ந்த தூக்கத்துல வர்ற அரைமுழிப்பு. நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். ஆனா மறுநாள் அவனுக்கு ஞாபகமே இருக்காது, பயந்தது நீங்கதான். உலுக்கி எழுப்பாதீங்க, தண்ணி தெளிக்காதீங்க. விழுந்துடாமப் பக்கத்துல இருங்க, தானா அடங்கிடும். தினம் அதே நேரம்னா, கால் மணி முந்தியே லேசா முழிக்க வச்சுத் திரும்பத் தூங்க வைங்க. ரெண்டு மூணு வாரம் செஞ்சு பாருங்க.

திசையன்விளை: எழுப்பாதங்கிய, எழுப்புங்கிய?

பதில்: வர்றதுக்கு முந்தி எழுப்பலாம். வந்தப்புறம் கூடாது.

அம்பாசமுத்திரம்: என் பேரனுக்கு மந்திரிச்சுத் திருநீறு போட்டோம், மறுநாளே சரியாப்போச்சே?

பதில்: போடுங்க அண்ணாச்சி, நான் தடுக்கலை. கொடைக்கு வில்லுப்பாட்டு, சாமக்கொடைன்னு பிள்ளை எத்தனை ராத்திரி முழிச்சான்? தூக்கம் கெட்டாலே இது வரும். ஊர் அடங்கி நாலு நாள் நல்லாத் தூங்கினான், நின்னுபோச்சு. பேரு மந்திரிச்சவருக்கு.

அம்பாசமுத்திரம்: கொடைக்கே வராத மக பிள்ளைக்கும் வந்துதே?

பதில்: காய்ச்சல் அடிச்சுதா?

அம்பாசமுத்திரம்: ரெண்டு நாளா.

பதில்: காய்ச்சல்லயும் வரும். உங்களுக்குச் சின்ன வயசுல?

அம்பாசமுத்திரம்: தூக்கத்துல எந்திரிச்சு நடப்பேன்னு அம்மா சொல்லுவாவ.

பதில்: பிறகென்ன, தாத்தா சொத்து பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்கு.

மேலப்பாளையம்: என் மகளும் கத்துதா. எழுப்பலாமா?

பதில்: மேல சொல்லியாச்சு. குறட்டை விட்டா மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க.

நாங்குநேரி: ஒரே ராத்திரியில நாலஞ்சு தடவை வருது, ஒரே கை வெட்டி வெட்டி இழுக்கு.

பதில்: இது வலிப்பா இருக்கலாம். செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு உடனே டாக்டரைப் பாருங்க. காத்திருக்காதீங்க.

தென்காசி: வீட்டுக்காரருக்கு 58 வயசு. விடியக்காலம் கனவுல சண்டை போட்டு என்னை அடிச்சிடுதாரு.

பதில்: இது வேற. கனவு காணும்போது உடம்பு அசையாம இருக்கணும். அவருக்கு அந்தப் பூட்டு விட்டுப்போயிருக்கலாம். சில பேருக்குப் பின்னால பார்க்கின்சன் நோயாவும் திரும்பும். நரம்பு டாக்டரைப் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க தனிப் படுக்கையில படுங்க.

களக்காடு: மாத்திரை பேரு சொல்லுங்க. பிள்ளையை எழுப்பலாமா?

பதில்: சொல்லமாட்டேன். கூடாது.

அம்பாசமுத்திரம்: அடுத்த கொடைக்குப் பேரனைக் கூட்டிட்டுப் போகலாமா டாக்டரம்மா?

பதில்: தாராளமா. மத்தியானம் ஒரு தூக்கம் போட வச்சிருங்க. சாமக்கொடைக்கு மட்டும் நீங்க தனியாப் போங்க.