மேடையை விட்டு விலகிய நடனக் கலைஞரின் பெயரையும் படங்களையும் வைத்து வேறொருவர் வகுப்பு நடத்தினால் என்ன செய்வது?

நீங்களும் சலங்கையைக் கழற்றி வைத்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் உங்கள் அம்மாவுக்கோ குருவுக்கோ நடந்திருக்கும்.

முதலில் அந்தப் போலிப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பணம் கேட்கும் எண்ணோடு. அப்புறம்தான் மற்றதெல்லாம். எனக்கு இது நடந்தபோது நான் ஆத்திரத்தில், என் பெயரில் வகுப்பு நடத்திய பெண்ணுக்கே மெசேஜ் போட்டுத் திட்டிவிட்டேன். அவள் என்னை பிளாக் செய்து, என் பக்கம்தான் போலி என்று புகாரும் கொடுத்தாள். முடங்கியது என்னுடைய பக்கம்!

2009-இல் முழங்கால் கைவிட்டதோடு ஆடுவதை நிறுத்தினேன். பழைய படங்களை என் மாணவி ஒருத்தி ஸ்கேன் செய்து பக்கத்தில் போட்டு வந்தாள். அதையெல்லாம் எடுத்து, என் பெயரிலேயே ஆன்லைன் வகுப்பு என்று கட்டணம் வாங்கியிருக்கிறாள் அந்தப் போலிக்காரி. நான் பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி இல்லை, தெரியும். 'இந்த வயதில் எதற்குப் பெயர் ஆசை' என்று கேட்க வருபவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என் பெயரில் ஒரு குழந்தை அரைமண்டியை, முழங்கால் மடக்கி நிற்கும் அந்த அடிப்படை நிலையை, தப்பாகக் கற்றுக்கொண்டால் பழி எனக்குத்தானே?

புகார் கொடுத்தபோது, நான்தான் நான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள் அந்தத் தளத்துக்காரர்கள். ஆதாரில் இருப்பது வீட்டில் வைத்த பெயர், கணவர் இனிஷியலோடு. மேடையில் இருந்தது என் குரு வைத்த பெயர். பெயர் பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1974 அரங்கேற்ற அழைப்பிதழ், பத்திரிகை நறுக்குகள், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

ஆனால் முடிச்சை அவிழ்த்தது அந்த மாணவிதான். "டீச்சர், அவ பக்கத்துல இருக்கிற படத்துல சூரியன் உங்க இடது பக்கம் இருக்கு பாருங்க" என்றாள். ஆடும்போது நாங்கள் தலை நகைகளில் சூரியப்பிறையை எங்கள் வலப்பக்கமும் சந்திரப்பிறையை இடப்பக்கமும் வைப்போம். தேடலில் சிக்காமலிருக்கவோ என்னவோ, அந்தப் போலிக்காரி படங்களை எல்லாம் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டிருந்தாள். ஓரத்தில் மிருதங்கக்காரர் உட்கார்ந்திருக்கும் என் ஆல்பம் படத்தையும், அவரை வெட்டித் திருப்பிய அவளுடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பதினொரு நாளில் போலிப் பக்கம் போனது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஆள்மாறாட்டப் புகாருக்கு அப்போது 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். அதைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதும்போது விதி எண்ணோடு குறிப்பிடுங்கள்: 3(2)(பி).

சைபர் போலீஸ் புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-யைக் கேளுங்கள், அடையாளத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். உங்கள் ஆட்ட வீடியோவையும் எடுத்திருந்தால் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நிகழ்த்துக் கலைஞர் உரிமை 50 ஆண்டு. ஆடியவர் பெயரைப் போடு என்று கேட்கும் உரிமையும் 2012 திருத்தத்தில் வந்துவிட்டது.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தச் சிறப்பு விருந்தினர்கள்! கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது மேடையேறி, இருபது நிமிடம் பேசி, ஆடியவள் பெயரைத் தப்பாகச் சொல்லி, பொன்னாடை போர்த்திவிட்டு இறங்குவார்கள். வேர்வை காய்ந்து, முகப்பூச்சு அரிக்க, நாங்கள் அடுத்து, முழுக்க அபிநயமான பதத்துக்கு உருக வேண்டும். யாராவது இதற்கும் ஒரு சட்டப்பிரிவு சொன்னால் தேவலை.

பழைய பக்கம் திரும்ப வரவேயில்லை. புதிதாகத் தொடங்கியதில் போன வாரம் ஒருவர், "நீங்க ஒரிஜினலா?" என்று கேட்டிருந்தார்.