வேக எண்கள் இல்லாமல் செல் சுழற்சியை மாதிரியாக்க முடியுமா?

கேள்வி: முதுநிலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன். ஈஸ்ட் செல் சுழற்சியைக் கணினியில் மாதிரியாக்க வேண்டும். வினைகளின் வேக எண்கள் பாதிகூடக் கிடைக்கவில்லை. ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில், "எண்களை நாங்களே பொருத்தி கிராஃப் எடுத்துத் தருகிறோம்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அளந்து பெறாத முப்பது எண்களை இஷ்டத்துக்குத் திருகினால் எந்த வளைகோட்டையும் வரவழைத்துவிடலாம். ஈஸ்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், பணம் வாங்கியவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

எந்தப் புரதம் எதைத் தூண்டுகிறது, எதைத் தடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா? பூலியன் நெட்வொர்க்குக்கு அது போதும். ஒவ்வொரு புரதமும் ஒரு முனை; அது 1 (இயங்குகிறது) அல்லது 0 (இயங்கவில்லை), அவ்வளவுதான். 2004-இல் ஃபாங்டிங் லீ குழுவினர் ஈஸ்ட் செல் சுழற்சியை 11 முனைகளில் இப்படித்தான் எழுதினார்கள். மொத்தம் 2,048 நிலைகள். அவற்றில் 1,764 நிலைகள் கடைசியில் ஜி1 (அடுத்த சுழற்சிக்கு முன் செல் காத்திருக்கும் கட்டம்) என்ற ஒரே நிலையில் போய் நின்றன. வேக எண் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

விதி எளிது. ஒரு முனைக்கு வரும் தூண்டல்களிலிருந்து தடைகளைக் கழியுங்கள். மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் என்றால் 1, கீழே என்றால் 0, பூஜ்யமே என்றால் பழைய நிலை. ஆனால் தடுக்க வேறு யாரும் இல்லாத புரதங்கள் தானாகச் சிதைபவை. பூஜ்யம் வந்தால் அவை 0 ஆக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். விட்டால், சுழற்சியைத் தொடங்கிவைக்கும் புரதமான சிஎல்என்3 ஒருமுறை 1 ஆனபின் இறங்கவே இறங்காது.

அடுத்த பொறி, எல்லா முனைகளையும் ஒரே நொடியில் மாற்றுவது. ஒன்றையொன்று தடுக்கும் இரண்டு மரபணுக்களை எடுங்கள். மேலே சொன்ன விதிக்குப் பதில், தடை இல்லையென்றால் 1, இருந்தால் 0 என்று விதி வையுங்கள். இரண்டும் 0 என்றால், அடுத்த படியில் இரண்டும் 1, மறுபடி 0 என்று முடிவில்லாமல் ஆடும். செல்லில் அப்படி நடக்காது. ஏதாவது ஒன்று முந்தி மற்றதை அடக்கிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு முனையை மட்டும் மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். மாறாமல் நிற்கும் நிலைகளுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை: இரண்டு முறையிலும் அவை அதேதான். மாறுவது, எங்கே தொடங்கினால் எங்கே போய்ச் சேரும் என்பது. ஒரே தொடக்கத்துக்கு இரண்டு மூன்று முடிவுகளும் வரலாம். ஆகவே 1,764 என்பது ஒரே நொடியில் மாற்றும் முறைக்கான எண். அதை அப்படியே மற்ற முறைக்குத் தூக்கி எழுதாதீர்கள்.

ஜின்சிம் இலவச மென்பொருள். அம்புகளை வரைந்து, விதிகளை எழுதி, மாதிரியை நியூஎஸ்எம்வி என்ற சரிபார்ப்பு மென்பொருளுக்கு அனுப்பலாம். "சிஎல்என்3 எழுந்தபின் எல்லா வழியும் ஜி1-க்குத் திரும்புமா?" என்று அதில் கேளுங்கள். இல்லையென்றால், தப்பிப் போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும். அங்கே ஓர் அம்பு விடுபட்டிருக்கலாம். அல்லது அது செல் ஒருபோதும் போகாத வரிசையாக இருக்கலாம். ஆய்வேட்டில் எழுத வேண்டிய இடம் அதுதான்.

2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரசுரமான 455 கணித மாதிரிகளில் ஏறக்குறைய பாதியை அப்படியே மறுபடி ஓட்ட முடியவில்லை. மாதிரியின் கோப்பைக் கேட்டு வாங்காமலே கட்டுரையை ஏற்கும் இதழ்களை என்ன சொல்வது! நீங்களாவது விதிக் கோப்பையும், ஒவ்வொரு அம்புக்கும் ஆதாரமான கட்டுரையையும் பின்னிணைப்பில் வையுங்கள்.